கீழே வைத்த ஆயுதம்

புகார்ப் படிவத்தில் மொத்தம் பதினான்கு கேள்விகள். முதல் எட்டும் பேர், நாள், நேரம், எந்த மேஜை என்று சாதுவாகப் போகும். ஒன்பதாவதுதான் வில்லங்கம். ‘சம்பவத்தில் வெப்பன் ஏதாவது காட்டப்பட்டதா?’ பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ‘இல்லை’யில் டிக் விழுந்தால் தாள் சூப்பர்வைசரின் இழுப்பறையில் பழைய ரப்பர் வளையங்களோடு படுத்துக்கொள்ளும். ‘ஆம்’மில் விழுந்தால் கதையே வேறு. தாள் மஞ்சள் உறைக்குள் ஏறும், உறை தலைமை அலுவலகத்துக்குப் போகும், ஆள் அன்றைக்கே வீட்டுக்குப் போவார், ஆறாம் நாள் விசாரணை. இதில் எந்த இடத்திலும் யாரும் நின்று யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்காமலே காரியம் நடக்கட்டும் என்றுதான் படிவங்களை அச்சடிக்கிறார்கள்.

குத்தூசி அக்கா பேரில் போன தாளில் ‘ஆம்’மில் டிக் விழுந்திருந்தது. பேனா அழுத்திய அழுத்தில் பின்பக்கம் வரை தடம்.

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. நாற்காலிக்கும் சோபாவுக்கும் மெத்தை போடும் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக மூலை வேலை. மூலையில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நாற்காலியின் மூலைகளைச் செய்கிற வேலை. நட்ட நடுவில் மெத்தை போட யாராலும் முடியும். துணியை இழு, ஸ்டேப்ளரை அமுக்கு, தீர்ந்தது. மூலையில்தான் துணி மூன்று பக்கத்திலிருந்தும் வந்து ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். உள்ளே திணித்த பஞ்சு அதுவரை வரமாட்டேன் என்று பாதி வழியில் உருண்டு நிற்கும். மேல்துணியை இழுத்து அடித்து முடித்த பிறகுதான் அந்தக் கட்டி கையில் தட்டுப்படும். துணியைப் பிரித்தால் அரை நாள் போச்சு. பிரிக்காமல் சரிசெய்ய ஒரே வழி குத்தூசி.

ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான இரும்புக் கம்பி அது. ஒரு முனை ஊசி, மறு முனை ஐஸ் குச்சி மாதிரி தட்டை. ஊசி முனையை மேல்துணி வழியாகவே உள்ளே விட்டு, கட்டியைத் தேடிப் பிடித்து, நெம்பி நெம்பி மூலைக்குத் தள்ள வேண்டும். பார்க்கிறவர்கள் பதறுவார்கள், புதுத் துணியில் ஓட்டை போடுகிறாளே என்று. ஓட்டை விழாது. நல்ல குத்தூசி நூலை அறுக்காது. இரண்டு நூலுக்கு நடுவில் ‘கொஞ்சம் வழி விடுங்க’ என்று கேட்டுக்கொண்டு போகும். உருவியதும் நகத்தால் இரண்டு தேய் தேய்த்தால் நூல்கள் மறுபடி தோளோடு தோள் சேர்ந்து நின்றுகொள்ளும், ஒன்றுமே நடக்காத மாதிரி. பட்டறையில் அக்கா அளவுக்கு அதைக் கையாள ஆள் கிடையாது. பேரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இனி அந்தச் சொல். வேலைக்கு வேண்டியது கருவி, சண்டைக்கு வேண்டியது ஆயுதம் என்று பள்ளிக்கூடத்தில் பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். பட்டறையில் அந்தப் பாகப்பிரிவினை நடக்கவே இல்லை. கருவி என்று யாராவது சொன்னால் பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று கேட்பார்கள். சுத்தியல், கத்தரி, ஸ்டேப்ளர், குத்தூசி எல்லாமே அங்கே ஆயுதம்தான். ‘யாருப்பா என் ஆயுதத்துல கை வெச்சது?’ என்ற கேள்வி காலையில் பத்து தடவை காதில் விழும். நாலரைக்கு மணி அடித்ததும் ஃபோம் வெட்டும் மாமா குரல் கொடுப்பார்: “ஆயுதத்தைக் கீழ வைங்கப்பா.” பதினொரு பேரும் வைத்துவிட்டுக் கை கழுவப் போவார்கள். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டு ஒருவருக்கும் யுத்தம் ஞாபகம் வந்ததில்லை.

வந்தது போன செவ்வாய்க்கிழமைதான்.

ஒரு முதியோர் இல்லத்துக்கு நூற்றிருபது நாற்காலி. அந்த மாதிரி இடத்துக்குப் போகிற நாற்காலியில் ஃபோமுக்கும் மேல்துணிக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு துணி வர வேண்டும். பட்டறையில் அதற்குப் பேர் தீத்துணி. தீயே பிடிக்காது என்று அர்த்தமில்லை. ஃபோம் ஒரு தடவை பற்றிக்கொண்டால் பிறகு யார் சொல்லும் கேட்காது. உருகி எரிந்து கறுப்புப் புகை கக்கும். தீத்துணி செய்வது ஒன்றே ஒன்று. நெருப்புப் பட்டதும் அது கரிந்து ஒரு ஓடு மாதிரி இறுகிவிடும். அந்த ஓடு ஃபோமை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கும். கொஞ்ச நேரம்தான். ஆனால் எழுந்திருக்க முதலில் ஊன்றுகோலைத் தேட வேண்டியவர்களுக்கு அந்தக் கொஞ்ச நேரத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

நாற்பது நாற்காலி முடிந்ததும் தீத்துணி தீர்ந்துவிட்டது. அடுத்த சுருள் வர மூன்று வாரம். லாரிக்கோ ஏற்கெனவே தேதி குறித்தாகிவிட்டது.

சூப்பர்வைசருக்குத் தமிழில் தெரிந்தது ஒரே ஒரு சொல், ‘சீக்கிரம்’. எங்கே போட வேண்டும் என்று தெரியாததால் காலை வணக்கத்துக்கும் அதையே சொல்வார். நாளடைவில் அவர் பேரே சீக்கிரம் ஆகிவிட்டது. “சீக்கிரம் இன்னிக்கு லேட்டு” என்று மாமா ஒரு நாள் அறிவித்ததில் பட்டறை அரை மணி நேரம் ஸ்டேப்ளரைத் தொடவில்லை.

அந்தச் செவ்வாய் மதியம் இரண்டு பத்துக்குச் சீக்கிரம் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே எண்பது லேபிள்கள். ‘தீத்தடுப்பு செய்யப்பட்டது’ என்று பொருள்படும்படி சிவப்பு எழுத்து. நாற்காலிக்கு அடியில் லேபிள் தைப்பது கடைசி வேலை, மூலை முடித்தவர் செய்வது. அதாவது அக்கா. சாம்பல் துணி இருக்க வேண்டிய இடத்தைக் காட்டி, கையை விசிறி, அது வேண்டாம் என்றார். லேபிளைக் காட்டி, ஊசியைக் காட்டி, இது வேண்டும் என்றார். சைகையில் பேசும்போது பொய்கூட எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அக்காவுக்குத் தோன்றியது.

அக்கா தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

“சீக்கிரம்,” என்றார் அவர்.

கையிலிருந்த குத்தூசியை அக்கா மேஜை மேல் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். அதை வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. தட்டை முனை தன் பக்கம், ஊசி முனை எதிர்ப்பக்கம். பார்க்காமல் கை நீட்டி எடுத்தாலும் குத்தாது. எதிர்ப்பக்கம் அன்றைக்கு நின்றுகொண்டிருந்தவர் சீக்கிரம்.

“ஆயுதத்தைக் கீழ வெச்சாச்சு,” என்றாள் அக்கா. “இனி நீங்க என்ன பண்ணணுமோ பண்ணிக்கங்க.”

பத்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மணி நாலரை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து லாரிக்கான தாள்களோடு மேல்மாடி அலுவலகத்திலிருந்து இறங்கி வந்தார் சம்பந்தியம்மா. அக்காவின் மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைத்தவர். டைப் அடிப்பது, கோப்பு வைப்பது, கீழே இருப்பவர்கள் பேசுவதை மேலே இருப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வது, எல்லாம் அவர்தான். ‘என்ன சொல்கிறாள்?’ என்று சீக்கிரம் அவரைக் கேட்டார்.

சம்பந்தியம்மா பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் பட்டறையில் ஒரு நாளும் உட்கார்ந்தவரும் இல்லை. ஆயுதம் என்றதும் அவர் மனசில் வாசலில் தயாராக நின்ற ஆங்கிலச் சொல் ‘வெப்பன்’. முதலில் நிற்பதுதான் முதலில் உள்ளே வரும். ‘டூல்’ என்ற சொல் பின்னால் எங்கோ வரிசையில் நின்றிருக்க வேண்டும், அதன் முறை வருவதற்குள் வாய் பேசிவிட்டது. வெப்பன், மேஜை, இனி என்ன செய்ய வேண்டுமோ செய். மூன்றையும் சேர்த்துக் கேட்ட சீக்கிரம் ஊசி முனையைப் பார்த்தார், இரண்டு அடி பின்னால் போனார், படிவத்தைத் தேடினார்.

வேலை போவது ஒரு கஷ்டம். வெப்பன் காட்டியதற்காக வேலை போவது வேறு கஷ்டம். அந்தச் சொல் ஆளுக்கு முன்னால் போய் ஒவ்வொரு பட்டறை வாசலிலும் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மூலை என்ன, முழு நாற்காலியையும் ஒற்றைக் கையால் செய்கிறேன் என்றாலும் யாரும் உள்ளே விடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பந்தியம்மா ஒரு பிஸ்கெட் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தார்.

“வாங்க சம்பந்தி,” என்றாள் அக்கா. “வெறுங்கையோடதான் இருக்கேன். பயப்படாம உள்ள வாங்க.”

“குத்திக் காட்டாதீங்க சம்பந்தி.”

“குத்தூசியைத்தான் பை போட்டு சீல் வெச்சுட்டாங்களே. இனி வாயாலதான் குத்தணும்.”

சம்பந்தியம்மா உட்கார்ந்தார். பிஸ்கெட்டைத் தன் பக்கமும் இல்லாமல் அக்கா பக்கமும் இல்லாமல் நடுவில் வைத்தார். “எனக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க. ஆயுதம்னா நான் துப்பாக்கி, கத்தின்னு நினைச்சுட்டேன். அங்க சுத்தியலைக்கூட அப்படித்தான் சொல்வீங்கன்னு மருமகதான் சொன்னா. ரெண்டு நாளா என்கிட்ட முகம் கொடுத்தே பேசல.”

“என் பொண்ணு பேசலைன்னா உங்களுக்கு ஓய்வுதானே.”

“பேசாம இருந்தா இன்னும் பயமா இருக்கு.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்கு இருவருக்குமே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

சம்பந்தியம்மா வந்த விஷயத்துக்கு வந்தார். “நாளைக்கு நான்தான் மொழிபெயர்க்கணும். தப்பு என்னோடதுன்னு நானே சொல்லிடறேன். ஆயுதம்னா டூலு, வேலை முடிஞ்சதும் தினமும் சொல்றதுதான், வேற ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன். நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்க.”

“வேலை முடிஞ்சதும் சொல்றதை ரெண்டு பத்துக்கு ஏன் சொன்னேன்?”

“அதை யார் கேக்கப் போறா?”

“நீங்க கேக்கல?”

சம்பந்தியம்மா ஜன்னலைப் பார்த்தார். “சம்பந்தி, எனக்கு லேபிள் தெரியாது, துணி தெரியாது. உங்க வேலை நிலைக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தலையை ஆட்டுவீங்களா, மாட்டீங்களா?”

“பார்க்கலாம்,” என்றாள் அக்கா. அவள் அகராதியில் அதற்கு இரண்டு அர்த்தமும் உண்டு.

அவர் போன பிறகு அக்கா அந்தச் சொல்லை மூலைப் பஞ்சு மாதிரி தடவித் தடவிப் பார்த்தாள். டூலு என்று சொன்னால் அதில் பொய் ஒன்றுமில்லை. தினமும் அந்த அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை அவள் அந்த அர்த்தத்தில் மட்டும் சொல்லவில்லை. சீக்கிரத்தின் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்துச் சொன்னாள். அவருக்குப் புரியாது என்று தெரிந்தும் சொன்னாள். சண்டையில் ஆயுதத்தைக் கீழே போட்டால் தோற்றுவிட்டேன், கட்டிக்கொண்டு போ என்று அர்த்தம். பட்டறையில் வேலை பாதியில் இருக்கும்போது கீழே வைத்தால் அதற்கு நேர் எதிர். அங்கே கீழே வைத்த பிறகுதான் சண்டை தொடங்குகிறது. ஒரே வாக்கியம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஒரு முனை ஊசியாகவும் மறு முனை தட்டையாகவும்.

தலையை ஆட்டினால் வேலை நிலைக்கும். எண்பது லேபிளும் அவள் கையாலேயே தைக்கப்படும்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேல்மாடியில் கண்ணாடிச் சுவர் போட்ட அறை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேனேஜரம்மா வந்திருந்தார். மெதுவான குரல், மடித்துவிட்ட சட்டைக் கை, எதையும் எழுதுவதற்கு முன் பேனா மூடியை ஒரு தடவை திருகிப் பார்க்கும் பழக்கம். பார்த்தால் கெட்டவராகத் தெரியவில்லை. அது அக்காவுக்கு இன்னும் தொந்தரவாக இருந்தது. சீக்கிரம் ஓர் ஓரத்தில். மேஜை நடுவில் பிளாஸ்டிக் பைக்குள் குத்தூசி, அதற்கு ஒரு நம்பர்.

“இது என்னன்னு கேக்கறாங்க,” என்றார் சம்பந்தியம்மா.

அக்கா சொன்னாள். மூலை, பஞ்சு, நூலுக்கு நடுவில் போகிற வழி, நகத்தால் தேய்ப்பது எல்லாவற்றையும் சொன்னாள். சம்பந்தியம்மா மொழிபெயர்த்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்று, “நெஜமாவே ஓட்டை விழாதா?” என்று தன் பங்குக்குக் கேட்டார். மேனேஜரம்மா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அங்கே ஒரு கட்டி.

“அது நம்ம பட்டறை நாற்காலி இல்லைன்னு சொல்லுங்க,” என்றாள் அக்கா. “பேர் கெட்டுடும்.”

மேனேஜரம்மா சிரித்தார். அறை கொஞ்சம் இளகியது. சம்பந்தியம்மா அந்த நேரத்தை விடவில்லை. தவறு தன்னுடையது என்றார், ஆயுதம் என்றால் அங்கே டூல் என்றார், சாயங்காலம் மாமா குரல் கொடுப்பதைச் சொன்னார். சொல்லச் சொல்ல மேனேஜரம்மாவின் தோள் இறங்கியது. விசாரணை செய்ய வந்தவருக்குக் குற்றவாளி கிடைக்காமல் போவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அக்கா அன்றைக்குத்தான் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் பக்கத்து அறைப் பிரின்டரிலிருந்து ஒரு தாள் வந்தது. மூன்றே வாக்கியம், அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு.

“தமிழ்ல படிங்க சம்பந்தி,” என்றாள் அக்கா.

“மொழிபெயர்ப்புப் பிழையால் இந்தப் புகார் வந்தது. தொழிலாளி சொன்னது வேலை செய்யும் கருவியை மட்டுமே. வேலையை மறுக்கும் எண்ணம் அவருக்கு இல்லை, நாளை முதல் வேலையைத் தொடர்வார்.” படித்துவிட்டுப் பேனாவை அக்கா பக்கம் தள்ளினார். “ஒண்ணும் வில்லங்கம் இல்ல. போடுங்க.”

“அந்த ‘மட்டுமே’ யார் போட்டது?”

“அது சும்மா வாக்கியத்துக்கு.”

“மறுக்கும் எண்ணம் இல்லைன்னும் சும்மா வாக்கியத்துக்கா?”

“சம்பந்தி,” என்றார் அவர் தாழ்ந்த குரலில், “வாசல் வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டேன். ஒரு எட்டு வெச்சா வெளியில போயிடலாம்.”

அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கோட்டைப் பார்த்தாள். அந்தக் கோட்டில் தன் பேர் எப்படி உட்காரும் என்று ஒரு கணம் பார்த்துவிட்டாள்கூட. பிறகு நிமிர்ந்தாள்.

“நான் மறுத்தேன்னு சொல்லுங்க.”

சம்பந்தியம்மா சொல்லவில்லை.

“எண்பது நாற்காலியில தீத்துணி இல்ல. இருக்குன்னு லேபிள் தைக்கச் சொன்னாங்க. மாட்டேன்னு சொல்லத்தான் கீழ வெச்சேன். ரெண்டு பத்துக்கு வெச்சேன், நாலரைக்கு இல்ல. சொல்லுங்க.”

“இதைச் சொன்னா வேலை போயிடும்.”

“வேலை என்னோடது. வார்த்தையும் என்னோடது. நீங்க வழியில நிக்காதீங்க சம்பந்தி.”

சம்பந்தியம்மாவுக்குச் சுருக்கென்றது. முகம் சிவந்தது. என்றாலும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரி. அப்போ ஒழுங்காச் சொல்லுவோம். டூலுன்னு சொல்லவா, வெப்பன்னு சொல்லவா? ரெண்டுல ஒண்ணுதான் இங்கிலீஷ்ல வரும்.”

அக்கா யோசித்தாள். இந்த ஆறு நாளில் யாரும் அவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

“கையில இருக்கிறவரைக்கும் அது டூலு. அதால நாற்காலிதான் பண்ண முடியும், வேற ஒண்ணும் பண்ண முடியாது. கீழ வெச்சாத்தான் வெப்பன். அதே வரிசையில சொல்லுங்க.”

“அந்த வார்த்தையை எடுக்கத்தான் நான் இவ்வளவு பாடுபட்டேன். நீங்களே திரும்ப எடுத்துப் போட்டுக்கறீங்களே.”

“போன தடவை நீங்க போட்டீங்க. இந்தத் தடவை நான் போடறேன்.”

சம்பந்தியம்மா சொன்னார். செவ்வாய்க்கிழமை மாதிரி அவசரமாக இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் கொஞ்சம் நின்று, வாசலில் வந்து நிற்பது சரியான ஆள்தானா என்று பார்த்துப் பார்த்து உள்ளே விட்டார். தீத்துணியைப் பற்றிச் சொன்னபோது சீக்கிரம் எழுந்து ஏதோ குறுக்கே பேசினார். சம்பந்தியம்மா அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி பதில் சொன்னார், அவர் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன சொன்னீங்க?”

“நான் மொழிபெயர்த்துட்டு இருக்கேன், சீக்கிரப்படாதீங்கன்னு சொன்னேன்.”

மேனேஜரம்மா பேனா மூடியை மூன்று தடவை திருகினார். பிறகு பேசியதைச் சம்பந்தியம்மா தமிழில் சொன்னார்: “யாருக்கு எதிரான வெப்பன்னு கேக்கறாங்க.”

“லேபிளுக்கு எதிரா.”

“லேபிள் வேற விஷயமாம். இன்னிக்கு விசாரணை ஒன்பதாவது கேள்வியைப் பத்தி மட்டும்தானாம்.”

“பதினாலாவது கேள்வி ஒண்ணு இருக்கே.”

இருந்தது. படிவத்தின் கடைசியில், ‘தொழிலாளி சொல்ல விரும்புவது’ என்று ஆறு கோடுகள். ஞாயிறு மதியம் அக்காவின் மகள், மாமியாரின் கைப்பையில் இருந்த ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, போனில் அதைப் படித்துச் சொல்லியிருந்தாள், அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் சேர்த்து. அந்த ஆறு கோட்டில் எழுதுவது எந்த மொழியிலும் இருக்கலாம். எழுதியதில் ஒரு பிரதி அரசாங்கத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். ‘ஆம்’ என்ற ஒரு டிக்கில் உருள ஆரம்பித்த வண்டி, நடுவில் யாரும் யோசிக்காமலே அங்கே வரைக்கும் உருண்டு போகும். படிவத்தைச் செய்தவர்கள் அந்த வசதியைத் தங்களுக்காகத்தான் செய்துகொண்டார்கள். ஆனால் உருளும் வண்டிக்கு ஏறுகிறவர் யார் என்று தெரியாது.

அக்கா படிவத்தை இழுத்து எழுதினாள். ஆர்டர் நம்பர் எழுதினாள். எண்பது என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினாள். லேபிள் பெட்டி வந்த நாள், நேரம், அதில் இருந்த சிவப்பு வாசகம். ஆறு கோடு போதவில்லை, ஓரத்திலும் ஏறினாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே சம்பந்தியம்மா பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு தடவை, “தீத்துணிக்கு ‘த்’ போடலையே,” என்று அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தித் திருத்தினார்.

மேனேஜரம்மா கையை நீட்டினார். “அந்தத் தாளைக் கொடுங்க, புதுசு ஒண்ணு தரேங்கறாங்க,” என்றார் சம்பந்தியம்மா.

அக்கா தாளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். “இதுலயே எழுதியாச்சு.”

மேனேஜரம்மா தாளைத் திரும்பக் கேட்கவில்லை. அந்த மூன்று வாக்கியத் தாளைக் காட்டி, கையெழுத்துப் போடவில்லை என்றால் போடவில்லை என்றாவது அதில் எழுத வேண்டும் என்றார். அக்கா எழுதினாள்: ‘கையெழுத்துப் போட மாட்டேன்.’ அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

மேனேஜரம்மா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வெகு நேரம் பேசினார். திரும்பி வந்தபோது மெதுவான குரல் அப்படியேதான் இருந்தது. எண்பது நாற்காலியும் லாரியில் ஏறாது. பத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒன்பதாவது கேள்விக்கான பதில் மாற்றப்படும். ஆனால் மேற்பார்வையாளர் சொன்னதை மறுத்தது தனிக் குற்றம். அதற்கு வேறு படிவம், வேறு விசாரணை. அதன் முடிவு தெரியும் வரை வேலைக்கு வரக் கூடாது. வேலை இருக்குமா என்று இப்போது சொல்ல முடியாது.

சம்பந்தியம்மா கடைசி வரியைச் சொல்லும்போது அக்கா முகத்தைப் பார்க்கவில்லை.

“சம்பந்தி, நான் சொல்றதைச் சொல்லுங்க,” என்றாள் அக்கா, எழுந்துகொண்டே. “நாளைக்குக் காலையில ஏழரைக்கு வாசல்ல நிப்பேன். நாளன்னைக்கும் நிப்பேன். உள்ள விடறதும் விடாததும் அவங்க வேலை. வர்றது என் வேலை.”

சம்பந்தியம்மா சொன்னார். சொல்லி முடித்த பிறகும் நிறுத்தவில்லை, இன்னும் இரண்டு வாக்கியம் போனது. மேனேஜரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

கதவைத் தாண்டியதும் அக்கா கேட்டாள், “நான் சொன்னது அவ்வளவு நீளமா இல்லையே. கூட என்ன சேர்த்தீங்க?”

“நானும் கூட நிப்பேன்னு சொன்னேன்.” சம்பந்தியம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “ஆனா எட்டு மணிக்குத்தான். எங்களுக்கு ஆபீஸ் நேரம் எட்டு.”